பின்வாசலில் ஆயிரம் இலை

அன்று அங்கே இருந்தவர்களின் பெயர்களை முதலில் எழுதிவிடுகிறேன். இருந்தவன் இல்லை என்றும், இல்லாதவன் இருந்தேன் என்றும் பிற்பாடு யாரும் பேச வேண்டாம். வெற்றிட ஒழுங்கு அலுவலகத்தின் தனி அலுவலர் கண்ணுசாமி. அவருடைய எழுத்தர் சின்னண்ணன். என் சித்தப்பா மகனும் பங்காளியுமான சென்னிமலை. நகரத்தில், ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் உள்ள என் வீட்டில் பதினோரு வருடமாகக் குடியிருந்த வெல்ல மண்டி அப்துல் கரீம், அவர் மனைவி ரஹமத் பீவி. என் மகள் வசந்தாமணி. மல்லசமுத்திரம் சென்னியப்பனாகிய நான். இவர்களைத் தவிர சுமார் ஆயிரம் பேர். அந்த ஆயிரம் பேருடைய பெயர்களும் தகப்பன் பெயரோடு அலுவலகப் பதிவேட்டில் இருக்கின்றன. சந்தேகம் உள்ளவர்கள் மனு எழுதிக் கொடுத்துவிட்டு, அலுவலர் ஊரில் இருக்கும் நாளாகப் பார்த்துப் போய்ப் படித்துக்கொள்ளலாம்.

அந்த வீட்டை நான் அறுபத்தெட்டில் வாங்கினேன். எழுபத்து நாலில் வசந்தாமணி எடப்பாடியில் இருந்த தன் கணவன் வீட்டை விட்டு வந்துவிட்டாள். காரணம் இங்கே தேவையில்லை; தேவைப்பட்டாலும் எழுத மாட்டேன். என் மகன்கள் நல்லவர்கள். மருமகள்களும் நல்லவர்கள். ஆனாலும் வந்த மூன்றாம் மாதத்தில் வசந்தாமணி என்னிடம் பேசும்போது குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தாள். ஃபேர்லேண்ட்ஸ் வீட்டின் பக்கத்து அறையை அவளுக்கு ஒழித்துக் கொடுத்தேன். பெரிய பகுதியில் இருந்த அப்துல் கரீம் கொடுக்கும் வாடகை இனி அவளுடையது என்று சொன்னேன். அங்கே போன பத்தாம் நாள், செருப்போடு அறைக்குள் வந்துவிட்டேன் என்று என்னை அதட்டினாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

அந்த வீட்டுக்கு ஆள் குடிவருவது வீட்டுக்காக அல்ல. அறைகள் இருட்டு. சமையலறையில் இரண்டு பேர் நின்றால் ஒருவர் வெளியே வந்தால்தான் மற்றவர் திரும்ப முடியும். வருவது பின்வாசலுக்காக. எங்கள் பேச்சில் பொடக்காளி. அறுபது அடிக்கு ஐம்பது அடி. வற்றாத கிணறு, துவைக்கிற கல், மூலையில் கக்கூஸ், ஒரு முருங்கை மரம், சுற்றிலும் எட்டு அடிச் சுவர். எழுபதில் வீடு பார்க்க வந்த ரஹமத் பீவி அறை எதையும் பார்க்கவில்லை. பின்கதவைத் திறந்து, சுவரைச் சுற்றி ஒருமுறை கண்ணை ஓட்டி, புருஷனிடம், "இது போதுங்க" என்றார். வெளி ஆள் கண்ணில் படாமல் பெண்கள் தண்ணீர் சேந்தலாம், துணி உலர்த்தலாம், தலை காயவைக்கலாம். அப்படி ஓர் இடம் அந்தத் தெருவில் வேறு இல்லை.

எழுபத்தொன்பது ஆவணியில் சின்னண்ணன் ஒரு படிவத்தோடு வந்தார். நகரத்தில் யார் வீட்டுக்குப் பின்னால் எவ்வளவு இடம் சும்மா கிடக்கிறது என்று கணக்கெடுத்து, ஐந்நூறு சதுர மீட்டருக்கு மேல் இருப்பதை மிகை என்று எடுத்துக்கொள்வதற்காக அந்த அலுவலகத்தைப் புதிதாகத் திறந்திருந்தார்கள். அது எனக்கு அன்று தெரியாது. தெரிந்திருந்தாலும் என் பதில் வேறாக இருந்திருக்காது. அவர் தெருவில் நின்றபடி கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலு பேரும் நின்றிருந்தார்கள்.

"பின்பக்கம் எவ்வளவு எடம் இருக்குதுங்க?"

எங்கள் குடும்பத்தில் வாசலை அடிக்கணக்கில் சொல்லும் வழக்கம் இல்லை. அடிக்கணக்கு, மனை வாங்கி விற்கிறவர்களுக்கு. எத்தனை பேருக்கு இலை போடலாம் என்றுதான் நாங்கள் சொல்வோம். என் தகப்பனார் மல்லசமுத்திரத்து வாசலை ஐயாயிரம் இலை என்பார். அதில் ஆயிரத்து இருநூறு போட்டு நானே பார்த்திருக்கிறேன். இதைப் பொய் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும்.

"ஒரே பந்தியில ஆயிரம் இலை போடலாம்" என்றேன்.

"என்ன உபயோகத்துல இருக்குதுங்க?"

"ஒரு உபயோகமும் இல்லை. சும்மா கெடக்குது. எங்க பொடக்காளி ஒழைச்சுத்தான் நாங்க சோறு திங்கோணும்னு இல்லை."

நாலு பேரும் தலையாட்டினார்கள். சின்னண்ணன் இரண்டு பதிலையும் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அவர் போனபின் வசந்தாமணி ஜன்னலில் இருந்து கேட்டாள்.

"ஏனுங்கப்பா, அறுபதுக்கு அம்பதுதானுங்களே. அதையே சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"அறுபதுக்கு அம்பதுன்னு சொல்றதுக்கு நானென்ன புரோக்கரா அம்மிணி?"

தை மாதம் அறிவிப்பு வந்தது. என் பின்வாசல் 1115 சதுர மீட்டர். அனுமதிக்கப்பட்டது 500. மிகை 615. மிகையை முப்பது நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். நிலம் அளப்பவர் ஒருவரைக் கூட்டிவந்து அளந்து பார்த்தேன். பின்வாசல் முழுவதும் சேர்ந்தே 279 சதுர மீட்டர்தான். சுவரை இடித்துப் பின்வீட்டுக்காரரின் வாசலையும் சேர்த்துக் கொடுத்தாலும் 615 வராது.

அளவுத் தாளோடு அலுவலகத்துக்குப் போனேன். மூன்று நாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நான் பெஞ்சில் சாய்வதில்லை. நாலாம் நாள் கண்ணுசாமி உள்ளே கூப்பிட்டார். மேசை மேல் பச்சை அட்டை போட்ட ஒரு புத்தகம் இருந்தது. அதைத் தடவிக்கொண்டே பேசினார்.

"இது என்னன்னு தெரியுதா கவுண்டரே? இலை அட்டவணை. உங்க பக்கத்துல யாரைக் கேட்டாலும் இலைக் கணக்குலதான் சொல்றாங்க. வேற அதிகாரியா இருந்தா 'அடியில சொல்லுய்யா'ன்னு அதட்டியிருப்பான். நான் மக்கள் வழக்கத்தை மதிக்கிறவன். அதனால ஒரு வருஷம் வேற எந்த வேலையும் பார்க்காம இதைத் தயார் பண்ணினேன். ஒரு தலைவாழை இலை, அதுக்கு முன்னால உக்கார்ற ஆளு, பரிமாறுறவர் நடக்கிற பாதையில பாதி. மொத்தம் பன்னிரண்டு சதுர அடி. ஆயிரம் இலைக்குப் பன்னிரண்டாயிரம்."

"மொத்த வாசலே மூவாயிரம் சதுர அடிதானுங்க" என்று அளவுத் தாளை வைத்தேன்.

அவர் அதைத் தொடவில்லை. "இதை யார் சொல்றது?"

"டேப்பு சொல்லுதுங்க."

"டேப்பு கையெழுத்துப் போட்டு எதையும் அறிவிக்கலையே. அறிவிச்சது நீங்க. உங்க குடும்பத்துக்கு ஒரு பேரு இருக்குன்னு நான் விசாரிச்சுத் தெரிஞ்சு வச்சிருக்கேன். உங்க வார்த்தையை விட்டுட்டு ஒரு நாடாவை நம்புன்னு நீங்களே சொல்றீங்களா? மன்னிக்கணும். உங்களை அந்த மாதிரி அவமானப்படுத்த இந்த அலுவலகம் தயாரா இல்லை."

அவர் சொல்வது சரி என்று என்னில் பாதி ஒப்புக்கொண்டது.

"இருக்கறதே 279. அதுல 615 எப்படிக் குடுக்கறதுங்க?" என்றேன்.

"இருக்கிற 279-ஐ முதல்ல குடுங்க. மீதி 336-க்கு அவகாசம் கேட்டு ஒரு மனுப் போடுங்க. நாங்களும் மனுஷங்கதானே."

வெற்றிடமாக இல்லாத இடத்தை எடுக்க முடியாது என்று சின்னண்ணன் வெளியே வந்து ரகசியமாகச் சொன்னார். அதன்படி மனுப் போட்டேன். பதினோரு மாதம் கழித்து, மார்கழியில், கண்ணுசாமியும் அவரும் நேரில் வந்தார்கள்.

"கெணறு இருக்குதுங்க" என்று காட்டினேன்.

கண்ணுசாமி எட்டிப் பார்த்தார். "ஆழம்?"

"அறுபது அடி."

"கிணறுன்னா குழி. குழின்னா வெறுமை. மத்த இடம் தரையோட வெறுமை. இது அறுபது அடி கீழ வரைக்கும் வெறுமை. இதைச் சேர்த்தா உங்க மிகை எங்கேயோ போயிடும். எழுதாதீங்க சின்னண்ணன், வயசான மனுஷர்."

"முருங்க மரம் இருக்குதுங்க."

"காய் இருக்கா?"

"இப்ப இல்லீங்க."

"அப்ப மரமும் சும்மாதான் நிக்குது."

கக்கூஸுக்கு முன்னால் வெகுநேரம் யோசித்தார். "இது கஷ்டமான விஷயம். ஆள் உள்ளே இருக்கும்போது இது கட்டடம். ஆள் இல்லாதபோது வெற்றிடம். சராசரி எடுத்தாகணும். இந்த வீட்டுப் பெண்கள் ஒரு நாளைக்கு மொத்தம் எவ்வளவு நேரம்…"

"அந்தக் கேள்வி என்ற ஊட்டுல கேக்கப்படாது" என்றேன். கதவுக்குப் பின்னால் ரஹமத் பீவி நின்றிருந்தார்.

'பதில் தர மறுத்தார்' என்று சின்னண்ணன் எழுதினார். மறுத்தவர்களுக்குச் சராசரி பூஜ்யம் என்று விதி இருந்தது.

போகும்போது பின்கதவுக்கு அரக்கு முத்திரை வைத்தார்கள். முடிவு தெரியும்வரை கதவுக்கு அந்தப் பக்கம் சர்க்கார் நிலம். தண்ணீர் சேந்த வேண்டுமானால் அனுமதிச் சீட்டு. அலுவலகத்துக்கு ஆள் அனுப்பினால் ஒருவர் வந்து முத்திரையை உடைத்து, காத்திருந்து, மறுபடி வைத்துவிட்டுப் போவார். சீட்டில் 'வெற்றிடத்துக்குள் செல்லும் நோக்கம்' என்று ஒரு வரி உண்டு. அதை விரிவாக எழுத வேண்டும். ரஹமத் பீவி ஒரு நாள் கூட எழுதவில்லை. அவரும் வசந்தாமணியும் தினமும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தெருவைக் கடந்து, எதிர்வீட்டுக்காரியிடம் கேட்டுக்கொண்டு போய்வந்தார்கள். எதிர்வீட்டுக்காரி முதல் வாரம் சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை.

மாசியில் அப்துல் கரீம் மல்லசமுத்திரத்துக்கே வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஐயா, பதினோரு வருஷம் உங்க வீட்ல ஒரு குறை இல்லாம இருந்தோம். இப்ப வீட்டுப் பொம்பளைங்க ஒரு சொம்பைத் தூக்கிட்டு நடுத்தெருவுல போறாங்க. நான் மண்டிக்குப் போனா எடைக்கல்லு கண்ணுக்குத் தெரியல. பங்குனி முடியிற வரைக்கும் பாக்குறேன். அதுக்குள்ள பின்கதவு திறக்கலைன்னா நான் போய்த்தான் ஆகணும். கோவிச்சுக்காதீங்க."

"உங்க மேல என்ன கோவம் பாய்?"

"எனக்கு அப்புறம் வேற யாரும் வரமாட்டாங்க ஐயா. அதுதான் பாப்பாவை நெனச்சு…"

அவர் வசந்தாமணியைப் பாப்பா என்றுதான் சொல்வார். அவளுக்கு அப்போது முப்பத்தாறு வயது. மறுநாள் நான் அவளைப் பார்க்கப் போனேன். துணிகளை ஒரு தகரப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு அம்மிணி இப்பவே?"

"பாய் போய்ட்டாருன்னா நான் அண்ணனூட்டுக்குத்தானுங்களே போகோணும். அடுக்கிப் பழகிக்கறேன்."

நான் நேராக அலுவலகத்துக்குப் போனேன். கண்ணுசாமி ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். பொய் ஒப்புகைப் படிவம். நான் அறிவித்தது பொய் என்று நானே எழுதிக் கொடுத்தால் மறுபடி அளக்க விதியில் இடம் உண்டு. அதை வீட்டில் நாலு நாள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் காலையில் குளித்து, வெளுத்த வேட்டி உடுத்தி, கிழக்குப் பார்த்து உட்கார்ந்து, 'நான் பொய் சொன்னேன்' என்று எழுதினேன். எழுபத்திரண்டு வயதில் என் கையெழுத்து கோணியது அன்றுதான்.

ஆனால் கீழே இரண்டு சாட்சி வேண்டும். விண்ணப்பதாரர் பொய் சொல்லக்கூடியவர்தான் என்று பங்காளிகள் இருவர் உறுதி சொல்ல வேண்டும். சென்னிமலையிடம் கொண்டுபோனேன். படித்து முடிப்பதற்குள் அவனுக்கு மூச்சு வாங்கியது.

"ஏனுங்ணா, நீங்க பொய் சொல்லுவீங்கன்னு நான் கையெழுத்துப் போடறதா? அப்பறம் நம்மூட்டுப் பசங்களுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

"ஊடு போயிருமடா சென்னிமலை. அந்தப் புள்ளைக்கு வேற போக்கில்லை."

"ஊடு போனா இன்னொரு ஊடு பாத்துக்கலாமுங்ணா. இதை யாரும் பாக்கறதுக்குள்ள மடிச்சு உள்ள வைங்க. என்ன எழவுக் கவர்மெண்டுங்ணா இது, உங்களைப் போயி இப்படி எழுத வெச்சுட்டாங்களே!"

பங்காளி வீடுகள் மொத்தம் நாற்பத்திரண்டு. அத்தனை வீட்டு வாசலிலும் நின்றேன். ஒருவரும் போடவில்லை. இரண்டு பேர் அழுதார்கள். ஒருவர் எனக்கு மோர் கொடுத்து, வெயிலில் அலைய வேண்டாம் என்றார்.

சாட்சி இல்லாத படிவத்தைக் கண்ணுசாமி திருப்பிக் கொடுத்தார். அவருக்கு என் மேல் மரியாதை கூடியிருந்தது. "பார்த்தீங்களா, உங்க ஊரே உங்க வார்த்தையை நம்புது. நான் மட்டும் எப்படி நம்பாம இருக்க முடியும்?" என்றார். அப்புறம் அட்டவணையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். பந்திச் சோதனை என்று தலைப்புப் போட்டிருந்தது.

"இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை. நான் ஆசையா எழுதி வச்சது. ஆயிரம் விருந்தாளிங்களை அழைச்சு, ஒரே பந்தியில, எங்க முன்னிலையில உக்கார வைக்கணும். ஆயிரம் இலை முழுசா விழாம ஒண்ணு குறைஞ்சாலும் போதும், உங்க பின்வாசல் உங்களுக்கே. ஆனா எதுக்குக் கூப்பிடுறீங்கன்னு யாருக்கும் சொல்லக்கூடாது. சொன்னா சாட்சியைக் கலைச்ச மாதிரி."

எங்கள் குடும்பத்தில் ஒரம்பரையை, அதாவது உறவு சனத்தை, விருந்துக்கு அழைத்து, இடமில்லை என்று திருப்பி அனுப்பியது கிடையாது. இப்போது அதற்காகவே ஆயிரம் பேரை அழைக்க வேண்டும். கிணறும் கல்லும் கக்கூஸும் போக இருநூற்று இருபது பேர் உட்காருவார்கள். எழுநூற்று எண்பது பேர் பசியோடு தெருவில் நிற்பார்கள். அவர்கள் முகங்களை நான் பார்க்க வேண்டும். அதற்கப்புறம் நான் எந்தக் கல்யாணத்துக்கும் போக முடியாது. போகாவிட்டால் என்ன? வசந்தாமணி அவளுடைய அறையில் இருப்பாள். இப்படித் தீர்மானித்துக்கொண்டு, வெற்றிலை பாக்கு எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

"என்ன விசேஷமுங்க மாமா?" என்று கேட்டார்கள்.

"விசேஷம் ஒண்ணுமில்லை. வந்து கை நனைச்சுட்டுப் போங்க."

சென்னிமலை மட்டும் அலுவலகத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் சின்னண்ணனைப் பிடித்து விஷயத்தை வாங்கிவிட்டான். பாதிதான் வாங்கினான். அண்ணன் சொன்ன சொல்லைக் கவர்மெண்டு நம்பவில்லையாம், ஆயிரம் பேர் உட்கார்ந்து காட்ட வேண்டுமாம் என்பது வரைக்கும். உட்கார்ந்து காட்டினால் என்ன ஆகும் என்பதை அவன் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

பங்குனி இருபதாம் தேதி காலை பத்து மணிக்குப் பதினேழு லாரிகள் வந்து தெருவில் நின்றன. மல்லசமுத்திரத்தில் இருந்து ஒன்பது, எடப்பாடிப் பக்கமிருந்து எட்டு. இறங்கியவர்கள் யாரும் வழக்கம்போல நலம் விசாரிக்கவில்லை. வரிசையாக நின்றார்கள். சென்னிமலை தலைக்குத் துண்டு கட்டியிருந்தான். அவர்கள் கரட்டோரக் களத்தில் அறுபதுக்கு ஐம்பது என்று சுண்ணாம்பில் கோடு போட்டு, இரண்டு நாள் உட்கார்ந்து பழகிவிட்டு வந்திருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

முத்திரையை உடைத்துக் கதவைத் திறந்தார்கள். முதல் வரிசை சுவரோடு சுவராக, முழங்காலை நெஞ்சில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தது. அவர்கள் முதுகில் முதுகு வைத்து அடுத்த வரிசை. மரவள்ளிக் கிழங்கைக் கூடையில் அடுக்குவது போல அடுக்கிக்கொண்டே போனான் சென்னிமலை. இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலத்துக்கு நறுக்கி மடியில் வைக்கப்பட்டது. கிணற்றின் மேல் பலகை போட்டு முப்பத்தொரு பேர். துவைக்கிற கல்லில் ஆறு பேர். முருங்கை மரத்தில் இரண்டு பேர் ஏறினார்கள். கிளை முறிந்து விழுந்தபின், விழுந்த கிளையின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்கள். கக்கூஸ் கூரையில் பதினாலு பேர். உள்ளே ஐந்து பேர். அந்த ஐவரின் பெயர்களை மட்டும் நான் எங்கும் சொல்ல மாட்டேன்.

"கொஞ்சம் காத்தோட்டமா உக்காருங்க. யாரும் நெருக்கிக்க வேண்டாம். நெறைய எடம் வேணும் சாப்படறதுக்கு" என்று நான் சொல்லிக்கொண்டே போனேன்.

"நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க மாமா. உங்க மானத்தை நாங்க உட்டுருவமா?" என்றார்கள்.

இடம் இல்லாததால் நடந்து பரிமாற முடியவில்லை. கூலிக்கு வந்த சமையல்காரர்கள் சுவரின் மேல் நின்று சோற்றை வாளியில் இறக்கினார்கள். வாளி கைமாறிக் கைமாறிப் போயிற்று. வசந்தாமணி கதவோரத்தில் இருந்து சென்னிமலையைக் கூப்பிட்டாள்.

"சித்தப்பா, உங்க காலுக்குக் கும்பிடறேன். ஒரு நூறு பேரை எந்திரிக்கச் சொல்லுங்க."

"என்ன அம்மிணி சொல்றே? உப்பு வெச்ச எலையை உட்டுட்டு எந்திரிச்சா கூப்பிட்டவனுக்கு எவ்வளவு பெரிய அசிங்கம்? உங்கப்பனுக்கு அதை நாங்க செய்வமா?"

எண்ணூறு தாண்டியபோது நான் ஸ்டூல் மேல் ஏறினேன். எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். "நான் சொன்னது பொய்!" என்று கத்தினேன். "ஆயிரம் இலை போடற வாசல் இல்லை இது! எரநூத்திருபதுதான்! ஊரறியச் சொல்றேன், சென்னியப்பன் பொய் சொன்னான்!"

கிணற்றுப் பலகையில் இருந்து யாரோ, "பெரியவங்க அடக்கம் யாருக்கு வரும்?" என்றார். கூட்டம் முழுக்கச் சிரித்துக் கைதட்ட முயன்றது. கையை விரிக்க இடமில்லாததால் சத்தம் வரவில்லை. கண்ணுசாமி என்னைக் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். "சோதனை நடக்கும்போது சொல்றது பதிவுக்கு வராது கவுண்டரே" என்றார்.

சின்னண்ணன் சுவரின் மேல் நடந்து எண்ணினார். இரண்டு முறை எண்ணினார். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. எடப்பாடிக் கந்தப்பன் லாரி ஏறும்போது மயக்கம் வந்து வீட்டுக்குத் திரும்பிவிட்டாராம். தானும் இலையோடு உட்கார்ந்து எண்ணிக்கையில் சேர்ந்திருந்த சென்னிமலை தலையில் கை வைத்துக்கொண்டான். எனக்குக் கால் தரையில் பதிந்தது. வசந்தாமணியைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். ஒன்று குறைந்துவிட்டது.

நின்றுகொண்டிருந்தது அலுவலகத்தாரும் சமையல்காரர்களும் போக நாங்கள் சிலர்தான். அதில் அப்துல் கரீமும் ஒருவர். காலையில் இருந்து எத்தனையோ பேர் கூப்பிட்டும், "எனக்குப் பசி இல்லைங்க" என்று கதவைப் பிடித்தபடி நின்றிருந்தார். அன்று அங்கே புத்தியோடு நடந்துகொண்டவர் அவர்தான்.

"பாய் நிக்கறாருங்ணா!" என்று யாரோ சொன்னார்கள்.

"வேண்டாங்க, வேண்டாங்க! எனக்கு வயிறு சரியில்லை. டாக்டர் சாப்பிடக் கூடாதுன்னு…"

"அட உக்காருங்க பாய், நீங்க நின்னா அண்ணனுக்கு மானக்கேடு!" என்று நாலு கைகள் அவர் இடுப்பைப் பிடித்துக் கீழே இழுத்தன. அவர் கதவை விடவில்லை. நானும் அவர் கையைப் பிடித்து மேலே இழுத்தேன். விருந்தாளியை உட்காரவிடாமல் இழுக்கிறேன் என்று தெரிந்துதான் இழுத்தேன். அவர்கள் நாலு பேர். அவர் உட்கார்ந்ததும் மடியில் இலையை வைத்து, இலையில் உப்பை வைத்துவிட்டார்கள்.

"இவர் வீட்டுக்காரரா?" என்று கண்ணுசாமி கேட்டார்.

"குடித்தனக்காரருங்க" என்றார் சின்னண்ணன்.

"அப்ப விருந்தாளி. ஆயிரம்."

"என்ற மகளுக்கு எடமில்லை!" என்றேன். கண்ணுசாமியின் சட்டையைப் பிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். "அவ நிக்கறா பாருங்க. எங்க உக்காருவா? எடத்தைக் காட்டுங்க!"

அவர் என் கையை மெதுவாக எடுத்துவிட்டார். "வீட்டுக்காரங்க விருந்தாளிக்கு முன்னால பந்தியில உக்கார மாட்டாங்க. உங்க வழக்கம் அதுதானே கவுண்டரே? இல்லைன்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

ஆயிரம் பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இல்லை என்று நான் சொல்லவில்லை.

பந்தி முடியும்முன் கண்ணுசாமி அதே ஸ்டூலில் ஏறிப் பேசினார். "இந்த அலுவலகம் இதுவரை ஒரு வீட்டையும் நேரில் அளந்ததில்லை. அதைக் குறையாச் சொல்றவங்க உண்டு. அளந்திருந்தா இன்னைக்கு 279-ன்னு ஒரு தப்பான கணக்கு வந்திருக்கும். மக்களை நம்பினோம். மக்கள் உண்மையை நிரூபிச்சுட்டாங்க. எந்த இடமும் அதுல உக்கார்றவங்க மனசுக்குத் தகுந்த அளவுதான். மனசு பெரிசா இருந்தா மிகையும் பெரிசா இருக்கும். அதை எடுத்துக்கிறது எங்க கடமை." எல்லோரும் கண் கலங்கினார்கள். இலை எடுத்ததும் சென்னிமலை வந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "பேரைக் காப்பாத்திட்டமுங்ணா" என்றான். அவன் இன்று வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறான். நான் அவனுக்கு விளக்கவில்லை.

எட்டாம் நாள் முள்கம்பி வந்தது. பின்கதவுக்கு ஒரு முழம் தள்ளி, இந்தச் சுவரில் இருந்து அந்தச் சுவர் வரை. கிணறும் கல்லும் கக்கூஸும் அந்தப் பக்கம். சித்திரை முதல் வாரம் அப்துல் கரீம் செவ்வாய்ப்பேட்டைக்குக் குடிபோனார். ரஹமத் பீவி வசந்தாமணியின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. அதற்கப்புறம் இரண்டு வருடத்தில் பதினெட்டுப் பேர் வீடு பார்க்க வந்தார்கள். நேராகப் போய்ப் பின்கதவைத் திறந்தார்கள். சாத்திவிட்டுப் போனார்கள். வீடு இன்னும் என் பெயரில்தான் இருக்கிறது. குறைகிற 336 சதுர மீட்டரை எப்போது ஒப்படைக்கப் போகிறேன் என்று ஒவ்வொரு தை மாதமும் கடிதம் வருகிறது. கம்பிக்குள் இருக்கும் இடத்தை அலுவலகம் ஒன்றுக்கும் உபயோகிக்கவில்லை. சும்மா கிடக்கிறது.

வசந்தாமணி என் மூத்த மகன் வீட்டில் இருக்கிறாள்.

கல்யாண வீடுகளில் எனக்கு இப்போது முதல் வரிசை நாற்காலி. சென்னிமலையின் மகனுக்கு நல்ல இடத்தில் பெண் அமைந்தது. பேச வந்தவர்கள் ஆயிரம் இலைக் குடும்பம்தானே என்று கேட்டுவிட்டு, வேறு எதுவும் விசாரிக்காமல் தட்டை மாற்றிக்கொண்டார்கள்.

ஆனால் எடப்பாடிப் பக்கம் ஒரு பேச்சு உலவுவதாகக் கேள்விப்படுகிறேன். அன்று ஆயிரம் பேரும் வயிறார உண்ட பந்தியில் என் மகள் வசந்தாமணி மட்டும் பட்டினியாக நின்றாள் என்று சொல்கிறார்களாம். அது தவறு. அவள் சாப்பிட்டாள். எல்லோரும் லாரி ஏறிப் போனபின், சமையலறையில், நின்றுகொண்டு சாப்பிட்டாள்.